வேர்கள் சாப்பிடும் அறை

நான் கண்ணாடி போடுகிறவன். ஜன்னலுக்கு, கடை முகப்புக்கு, மீன் தொட்டிக்கு, குளியலறைக் கதவுக்கு என்று நான் போட்ட கண்ணாடி இந்த ஊரில் எங்கெங்கோ நிற்கிறது. எங்கள் தொழிலில் ஒரே ஒரு பெருமைதான் உண்டு. கண்ணாடி அங்கே இருப்பதே தெரியக்கூடாது. எவனாவது நேராக நடந்து வந்து மூக்கை இடித்துக்கொண்டால் அவன் என்னைத் திட்டுவான், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் ஓடிப்போய் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பேன்.

அப்படிப்பட்ட என்னை, என் வாழ்நாளிலேயே ஆகச் சிறந்த கண்ணாடியைப் போட வைத்து, அதன்மேல் கறுப்புத் திரையை மாட்டி மூடிய புண்ணியவதி என் மனைவி.

அவள் வேர் ஆராய்ச்சி செய்கிறவள். வேர் என்றதும் நம் கண்முன் வருகிற, கைத் தடிமனில் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற வேர் இல்லை. அதையெல்லாம் அவள் மதிக்கவே மாட்டாள். "அது தூணும் குழாயும்தாங்க. மரத்தைத் தாங்கும், தண்ணிய மேல அனுப்பும். சாப்பிடறதெல்லாம் நுனியில இருக்கற பொடி வேருங்கதான். பேரு மட்டும் பெருசுங்களுக்கு" என்பாள். அந்தப் பொடி வேர் தையல் நூலைவிட மெலிசு. அதன் உடம்பெல்லாம் தூவிகள், அவை அதைவிட மெலிசு. மண் துகள்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரத்துக்குள் அந்தத் தூவிகள் நுழைந்து, அதில் கரைந்திருக்கும் சத்தை இழுத்துக்கொள்ளும். கண்டதையும் விழுங்காது. இது வரலாம், இது வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்திப் பார்த்துத்தான் உள்ளே விடும். கரையாத சத்தாக இருந்தால் கொஞ்சம் புளிப்பைக் கசியவிட்டுக் கரைத்துக்கொள்ளும்.

"சில சத்தை உள்ள வாங்கணும்னா, பதிலுக்கு உள்ளேயிருந்து ஏதாவது வெளிய விடணும். சும்மா எதுவும் வராது" என்று கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொன்னாள். எங்கள் வீட்டு ஆட்களைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் உண்மையிலேயே வேரைப் பற்றித்தான் பேசினாள் என்பது பிறகுதான் புரிந்தது. அவள் எதைப் பற்றிப் பேசினாலும் வேரைப் பற்றித்தான் பேசுவாள்.

அவளுக்கு வேலை ஒரு தாவரப் பூங்காவில். அங்கே அலுவலகத்துக்குக் கீழே, மண்ணுக்குள் பாதி இறங்கினாற்போல் ஓர் அறை இருக்கிறது. படியிறங்கிப் போனால் எதிர்ச்சுவர் முழுக்க என் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மண். மேலே தரையில் சூரியகாந்தியும் பீன்ஸும் புல்லும் வெயிலில் நிற்கும், அவற்றின் வேர்கள் கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்கும். மண்ணை நோண்டாமல், செடியைப் பிடுங்காமல், அறைக்குள் நின்றபடியே வேர் சாப்பிடுவதைப் பார்க்கலாம். இப்படி ஓர் அறை வேண்டும் என்று அவள் வருஷக்கணக்காக எழுதிப் போட்டு, நடந்து, கெஞ்சி, சண்டை போட்டு வாங்கினாள்.

மண்ணின் பாரம் ஒரே பக்கமாக அழுத்தும் என்பதால் இரண்டு கண்ணாடியை ஒட்டி ஒன்றாக்கிப் போட்டேன். குமிழி கிடையாது, பச்சைச் சாயல் கிடையாது, ஓரத்தை நானே உட்கார்ந்து மெருகேற்றினேன். வேலை முடிந்த அன்று அறை நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தது வெறும் மண்தான். கையை நீட்டினால் விரலில் ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் போனால் கறுப்புத் திரை.

"என்னடி இது?" என்றேன்.

"வேருக்கு வெளிச்சம் ஆகாதுங்க. வெளிச்சம் பட்டா அதுக்கு எதிர்ப்பக்கமா திரும்பிப் போயிடும். பொடி வேரு காஞ்சு போனாலும் போயிடும்."

"அப்புறம் எதுக்குக் கண்ணாடி? பேசாம செங்கல்லை வச்சுக் கட்டியிருக்கலாமே."

"வாரத்துக்கு ஒரு தடவை மங்கலா பச்சை விளக்கைப் போட்டு, நான் மட்டும் பாத்து அளவெடுப்பேன். வேற யாரும் திரையைத் தொடக்கூடாது. நீங்களும்தான்."

அறைக்கு வெளியே பலகை வேறு எழுதி மாட்டினாள். 'திரையை விலக்காதீர்கள். உள்ளே வேர்கள் சாப்பிடுகின்றன.' அதைப் படித்துவிட்டுத் திரையை விலக்காமல் போகிற மனுஷன் இன்னும் பிறக்கவில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியது. சொன்னால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அறைமேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. பூங்காவில் கேன்டீன் நடத்துகிறவர். அவருடைய கேன்டீன் தகரக் கொட்டகை. வெயில் ஏறினால் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும் சேர்ந்து வெந்துபோவார்கள். வேர் அறையோ எந்த நேரமும் குளுகுளுவென்று இருக்கும். அவர் இன்ச் டேப்பும் கையுமாக வந்து, என் மனைவி இருக்கும்போதே தரையை அளந்துவிட்டுப் போவார்.

"தப்பா நினைக்காதீங்க டாக்டரம்மா. சும்மா ஒரு ஆசைக்கு அளந்து பாக்கறேன்" என்பார். ஆசைக்கு அளப்பவர் மேசை எங்கே வரும், கல்லா எங்கே வரும் என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார்.

பூங்காவின் தலைமை அதிகாரியை நாங்கள் பெரிய சார் என்போம். பதவியிலும் பெரியவர், உயரத்திலும் பெரியவர், வாசல் நிலையில் குனியாமல் அவரால் எந்த அறைக்குள்ளும் நுழைய முடியாது. யார் வந்து எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். என் மனைவி சொன்னதற்கும் அதையே சொன்னார், கேன்டீன்காரர் சொன்னதற்கும் அதையே சொன்னார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு முடிவுக்கு வந்தார். பூங்காவின் நிர்வாகக் குழு அறையைப் பார்க்க வருகிறது. அவர்கள் முன்னால் திரையை விலக்கும்போது உயிருள்ள வேர் கண்ணுக்குத் தெரிந்தால் அறை வேருக்கு. வெறும் மண் தெரிந்தால் அறை கேன்டீனுக்கு. என் மனைவி மாடிக்குப் போய் விதைப் பொட்டலம் ஒட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

அவள் கவலைப்படவில்லை. கண்ணாடியை ஒட்டி வேர்கள் வெள்ளை வெளேரென்று இறங்கியிருக்கின்றன, பீன்ஸ் வேரைப் பார்த்தால் குழு வாயடைத்துப் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு வளைய வந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"வேரைக் காணோம்ங்க."

"காணோம்னா? எவனாவது திருடிட்டுப் போயிட்டானா?"

"கண்ணாடிகிட்ட இருந்ததெல்லாம் பழுப்பா சுருங்கிக் கெடக்கு. புதுசா வர்றது எல்லாம் உள்பக்கமா திரும்பிடுச்சு. யாரோ வெளிச்சம் காட்டியிருக்காங்க." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க கண்ணாடியைத் தொடைக்கிறேன்னு எதாவது..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டாளே! கண்ணாடியைத் தொடைக்கத் துடிக்கிறவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அந்தப் படிப்பக்கமே போகாமல், கையைக் கட்டிக்கொண்டு இருந்தவன் நான். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று இருவருக்குமே தெரியாது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அவளையும் அழைத்துக்கொண்டு அறைக்குப் போனேன். அவள் கொஞ்சம் தள்ளி நிற்க, பச்சை விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு திரைக்குள் தலையை விட்டேன். பார்த்த மாத்திரத்தில் என் ரத்தம் கொதித்தது. கண்ணாடி முழுக்க மூக்கு.

ஆமாம், மூக்குத் தடம். ஒருவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் முதலில் கண்ணாடியில் போய் ஒட்டுவது மூக்குதான். அதில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் இருக்கும், வட்டமாகப் படியும். அதற்குமேல் நெற்றி ஒரு தீற்றல். பக்கத்தில் மொபைல் விளக்கைக் காட்டிய கை. வேறு யாருக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாது, கடைக் கண்ணாடிகளைத் துடைத்தே பாதி ஆயுசைக் கழித்தவனுக்குத் தெரியும்.

ஆக உயரத்தில் ஒரு மூக்கு. அதன் இரண்டு பக்கமும் மூக்குக் கண்ணாடிச் சட்டம் இடித்த சிறு கோடுகள். அவ்வளவு உயரத்தில் மூக்கு உள்ளவர் பூங்காவில் ஒருவர்தான். நடு உயரத்தில் இன்னொன்று, துணியால் தொட்டால் வழுக்குகிற அளவுக்கு எண்ணெய், முகர்ந்தால் வதக்கிய வெங்காய வாசனை. கீழே, குழந்தை உயரத்தில், முகப்பவுடரோடு மூன்றாவது. பவுடரின் வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் வாரத்தில் நாலு நாள் அடிக்கிற வாசனை.

பிறகு நாலாவது. அது பீன்ஸ் வேர் இருந்த இடத்துக்கு நேர் எதிரே. ஒரு தடம் இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ தடவை பதிந்து, கண்ணாடி அங்கே பனி மூடினாற்போல் மங்கிக் கிடந்தது. வாரத்துக்கு ஒரு தடவை அளவெடுத்தால் இப்படி ஆகாது. தினமும், அதுவும் தினம் பல தடவை, நின்று நிதானமாகப் பார்த்தால்தான் ஆகும். அந்த மூக்கின் உயரத்தை நான் அளக்க வேண்டியிருக்கவில்லை. அது என் தோளில் எந்த இடத்தில் வந்து முட்டும் என்று எனக்குத் தெரியும்.

பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து அந்த ஒரு இடத்தை மட்டும் துடைத்தேன்.

"என்ன தெரியுது?" என்றாள் வெளியிலிருந்து.

"மூணு பேரு" என்றேன்.

அன்று மதியம் பெரிய சார் அறையில் விசாரணை. கேன்டீன்காரரைக் கூப்பிட்டிருந்தோம். மகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் தினமும் பூங்காவுக்கு வருகிற என் மாமியாரையும் உட்கார வைத்திருந்தோம். நான் தடம் இருந்த உயரங்களைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவர் கையும் தானாகத் தங்கள் மூக்குக்குப் போனது.

கேன்டீன்காரர்தான் முதலில் உடைந்தார். "ஒரே ஒரு தடவைதான் டாக்டரம்மா! ஒரு மூலையை மட்டும் லேசா தூக்கினேன். உள்ள வெள்ளையா என்னமோ நெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. அது நெஜமாவே நெளியுதான்னு மறுநாள் பாத்தேன். நெளியல. அப்புறம் ஒருவேளை மெதுவா நெளியுதோன்னு..."

"ஒரே ஒரு தடவை!" என்றாள் என் மனைவி.

"அத்தை?" என்றேன்.

மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "பலகையில சாப்பிடுதுன்னு எழுதிப் போட்டுட்டு, ஆளு யாருமே பக்கத்துல இல்லைன்னா எப்படி மாப்பிள்ளை? வயித்துக்குச் சரியா போகுதா இல்லையான்னு ஒரு எட்டு எட்டிப் பாத்தேன். இவளைத்தான் நேரத்துக்குச் சாப்பிட வைக்க முடியல. அதுங்களாவது சாப்பிடட்டுமேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவேன். இது ஒரு குத்தமா?"

எல்லாரும் பெரிய சாரைப் பார்த்தோம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒரு அதிகாரிங்கற முறையில பணி முன்னேற்றத்தைப் பரிசோதிக்க வேண்டியது என்னோட கடமை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நல்லாத்தான்மா இருந்துச்சு. ரெண்டு நாள் பாக்கலைன்னா கை நடுங்குது" என்றார்.

அப்புறம் என் மனைவி பேசினாள். பேசினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவரவர் பதவி, வயசு, உறவு எதையும் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கினாள். மூவரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு திரையை மூடி வைன்னா உங்களால மூடி வைக்க முடியாதா? கொஞ்சமாவது கட்டுப்பாடு வேண்டாமா?" என்று அவள் கேட்டபோது நான் மேல்கூரையில் மின்விசிறி எத்தனை இறக்கையோடு சுற்றுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். முகத்தை நேராக வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இரவு பாத்திரம் கழுவும்போது அவளே ஆரம்பித்தாள்.

"மூணு பேருதானா?"

"ஆமா."

"பீன்ஸ் வேருக்கு எதிர்ல மட்டும் கண்ணாடி பளிச்சுனு இருந்துச்சு."

"அங்க கொஞ்சம் அழுக்கு இருந்துச்சு. தொடைச்சேன்."

அவள் தட்டை வைத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. "அளவெடுக்கத்தாங்க முதல்ல திறந்தேன். அந்த ஆளு சாக்பீஸால கோடு போட்டதுலேருந்து எனக்குப் பயம் புடிச்சுக்குச்சு. நாளைக்கே இந்த அறை இல்லாம போயிட்டா, பாத்த வரைக்கும் லாபம்தானேன்னு தோணும். உடனே போய் நின்னுடுவேன். அவங்களை அவ்வளவு திட்டினேன். அவங்க எல்லாரும் சேந்து பாத்ததைவிட நான் ஒருத்தி பாத்தது அதிகம்."

எனக்கு அவள்மேல் கொஞ்சம்கூடக் கோபம் வரவில்லை. முந்தின நாள் என்னைச் சந்தேகப்பட்டதற்குச் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனது என்றும் தெரியவில்லை. "சரி, இப்ப என்ன பண்ணலாம்? குழு வர்ற வரைக்கும் இன்னும் நாள் இருக்கில்ல?" என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்று ஆராய்ச்சி தொடங்கியது. பொடி வேர்களுக்கு ஆயுசு குறைவு, ஆனால் செத்த இடத்தில் புதிது கிளம்பவும் அதிக நாள் ஆகாது. அவற்றை யாரும் பிடித்து இழுத்து வர முடியாது. ஆனால் மண்ணில் எந்த மூலையில் சத்து அதிகமோ, அந்த மூலையில் போய்க் கொத்துக் கொத்தாகக் கிளைக்கும். ஆகவே, மேலே தரையில் கண்ணாடியை ஒட்டிக் குச்சியால் துளை போட்டு, நன்றாக மக்கிய இலை உரத்தை அதில் இறக்க வேண்டும். ஈரமும் காற்றும் சரியாக இருக்க வேண்டும்.

"அப்புறம் முக்கியமானது, யாரும் பாக்கக்கூடாது. ஒரு தடவைகூட" என்றாள்.

"யாரும்னா?"

"நானும்தான். திரை போதாது. பலகையை வச்சு ஸ்குரூ போட்டு முடுக்கிடுங்க. ஸ்குரூ டிரைவர் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

நான் மெருகேற்றிய சட்டத்தில் நானே துளை போட்டேன். பெற்ற பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கண்ணாடி முழுக்கப் பலகை வைத்து, வெளிச்சம் புகுந்துவிடாமல் ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டி, முடுக்கி முடித்தேன்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் இருக்கிற ஸ்குரூ எல்லாம் ஒரே சமயத்தில் கழன்றுபோனது.

முதலில் கேன்டீன்காரர் என் கடைக்கு வந்தார். "அண்ணே, நம்ம கிரைண்டர் கைப்பிடி ஆடுது. ஸ்குரூ டிரைவர் ஒரு அரை மணி நேரம் கெடைக்குமா?" கிரைண்டரை இங்கே கொண்டுவாருங்கள், நானே முடுக்கித் தருகிறேன் என்றேன். முனகிக்கொண்டே போய்விட்டார். பிறகு பெரிய சார் தன் நாற்காலி ஆடுவதாக ஆளை அனுப்பினார். நாற்காலியோடு வரச் சொல்லி அனுப்பினேன். மாமியார் தொலைபேசியில் கூப்பிட்டு, கண் சரியாகத் தெரியவில்லை, மூக்குக் கண்ணாடியின் காது லூஸாகிவிட்டது, ஆனால் என்னைச் சிரமப்படுத்த விரும்பவில்லை, கருவியை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும் என்றார். அவர் மூக்குக் கண்ணாடியே போடுவதில்லை என்பதை நினைவுபடுத்தினேன்.

"இனிமே போடலாம்னு இருக்கேன் மாப்பிள்ளை" என்றார்.

கடைசியாக வந்தவள் என் மனைவி. கடை வாசலில் நின்று, போகிற வழியில் எட்டிப் பார்த்தவள் மாதிரி, "வீட்ல சுவிட்ச் போர்டு கழண்டு தொங்குது" என்றாள்.

"சாயங்காலம் வந்து பாக்கறேன்."

"ஷாக் அடிச்சுட்டா?"

"மெயினை ஆஃப் பண்ணிடு."

"அவ்வளவு கல் நெஞ்சா உங்களுக்கு?"

"நீதானே குடுக்காதேன்னு சொன்னே!"

"நான் சொன்னா? நான் சொன்னதை எல்லாம் கேட்டுடுவீங்களா நீங்க? துண்டை நாற்காலில போடாதீங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன்!" என்று பொரிந்து தள்ளிவிட்டுப் போனாள். நான் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. பலகைக்குப் பின்னால் வேர் வந்ததா இல்லையா என்று தெரியாமல் அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். தெரிந்துகொள்ளப் போனாலோ வருவதும் போய்விடும். இப்படி ஒரு தண்டனையை நான் யாருக்கும் கேள்விப்பட்டதில்லை.

குழு வந்தது. கோட்டும் சேலையுமாக ஏழெட்டுப் பேர், முகத்தில் சிரிப்பே இல்லை. பெரிய சார் குனிந்து உள்ளே வந்தார். கேன்டீன்காரர் தம்முடைய சாக்பீஸ் கோட்டுக்குள் கவனமாக நின்றுகொண்டார். மாமியார் எப்படியோ முன்வரிசைக்கு வந்திருந்தார். நான் பலகையைக் கழற்ற ஆரம்பித்தேன். கை வேர்த்து ஸ்குரூ டிரைவர் இரண்டு தடவை நழுவியது. பலகை கழன்று வந்ததும் பின்னால் திரை.

மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பச்சை விளக்கை மட்டும் மங்கலாகப் போட்டாள் என் மனைவி. "கொஞ்ச நேரம்தான் திறந்து வைப்பேன். நான் மூடும்போது யாரும் தடுக்கக் கூடாது" என்றாள். திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்து நின்றாள். திரும்பிப் பார்த்தால் மூட மறந்துவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள்.

யாரும் எதுவும் பேசவில்லை. மண்தான் தெரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அவள் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவள் எதையும் தெரிந்துகொள்ள முடியும், நாங்களோ வாய் பிளந்து நின்றோம். பிறகு குழுவில் வயதான அம்மா ஒருவர் மெல்ல, "எவ்வளவு!" என்றார். அப்புறம்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். கோட்டுப் போட்டவர் ஒருவர் நெருங்கிப் பார்க்கப் போய் ணங்கென்று மூக்கை இடித்துக்கொண்டார்.

"மூடறேன்" என்றாள் அவள், சொன்னபடியே. "இன்னும் கொஞ்சம்மா" என்று பெரிய சாரே கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. திரை விழுந்தது.

குழுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறை விஷயமாக இன்னொரு கோரிக்கையும் இருக்கிறதாமே, கேன்டீன் தரப்பில் என்ன சொல்கிறீர்கள் என்றார். கேன்டீன்காரர் திருதிருவென்று முழித்தார். பிறகு காலால் சாக்பீஸ் கோட்டைத் தேய்த்து அழித்தார்.

"என்னத்தைச் சொல்றது? இங்கதான் ஏற்கெனவே பந்தி நடக்குதே. சாப்பிடறவங்களை எழுப்பி விட்டுட்டு நான் மேசை போட முடியுமா?" என்றார்.

"அதுவும் சரிதான்" என்றார் பெரிய சார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அதைச் சரியான இடத்தில் சொன்னார். அறை வேருக்கே என்று குழு அங்கேயே சொல்லிவிட்டது. மாமியார் திரையைப் பார்த்து, "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எல்லாரோடும் படியேறினார்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாரும் பார்த்தார்கள், இவள் பார்க்கவில்லை. நான் திரையின் ஒரு முனையைப் பிடித்தேன்.

"யாரும் இல்ல. வா, ஒரு நிமிஷம் பாரு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க."

"எவ்வளவு நாளா தவிச்சே!"

"அப்ப அறை போயிடும்னு பயம். இப்ப எங்க போகப்போகுது? அளவெடுக்கற நாள் வரும்போது பாத்துக்கறேன்" என்றாள். தூங்கியே பல நாளான முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு எதிரே சாய்ந்து உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்க. என்ன பாத்தீங்க?"

சொன்னேன். பீன்ஸ் வேர் ஒரு தடிமனான வேரிலிருந்து எத்தனை பிரிவாக இறங்கியது, உரம் விழுந்த இடத்தில் எப்படிக் கொத்தாகக் கிளைத்துக்கொண்டு நின்றது, இடது பக்கம் ஒரு குட்டி வேர் கூழாங்கல்லைச் சுற்றி வளைந்து மறுபடி நேராகப் போனது, நுனிக்குக் கொஞ்சம் பின்னால் தூவிகள் எழும்பி, மண் துகள் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டிருந்தது, ஒரு துகளை இரண்டு வேர்கள் இரண்டு பக்கமும் பிடித்திருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நடுநடுவே, "எந்தப் பக்கம்? எவ்வளவு நீளம்?" என்று கேட்டாள். எனக்கே ஆச்சரியம், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"கண்ணாடி எப்படி இருந்துச்சு? பலகை வச்ச இடத்துல எதாவது கீறல், கறை?" என்றாள் கடைசியில்.

நான் யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"எந்தக் கண்ணாடி?" என்றேன்.